ஸ்டாலினை எதைக் கொண்டு அளப்பது?

சோவியத் ஒன்றியத்தை ஆண்ட ஜோசப் ஸ்டாலினின் ஆட்சியை மதிப்பிடுவோரில் ஒரு சாரார் ஆலைகளையும் போர் வெற்றியையும் முன்வைக்கிறார்கள், மறு சாரார் மாண்டவர்களை முன்வைக்கிறார்கள். இரண்டாவதே நேர்மையான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. முதல் தரப்பிடமும் சான்று உண்டு: ஐந்தாண்டுத் திட்டங்கள் மக்னிடோகோர்ஸ்க் போன்ற எஃகு நகரங்களை எழுப்பின, 1945-இல் சோவியத் ராணுவமான செம்படை பெர்லினைக் கைப்பற்றியது.

ஆனால் அந்தத் தொழில்மயத்துக்கு அந்நியச் செலாவணி திரட்ட, 1932-33 பஞ்சத்தின்போதும் தானியம் ஏற்றுமதியானது. உக்ரைனில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியால் மடிய, கூட்டுப்பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்கள்கூட, பொதுச் சொத்தைத் திருடுவோருக்கு எதிரான 1932 ஆகஸ்ட் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டார்கள். 1937-38 அரசியல் களையெடுப்பில் சுமார் 6,80,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அரசின் சொந்த ஆவணங்களே காட்டுகின்றன. போர் வெற்றியையும் முழுமையாக அவர் கணக்கில் எழுத முடியாது: செம்படையின் மார்ஷல் துகாச்செவ்ஸ்கியைப் போருக்கு முன்பே கொன்றது அவருடைய ஆட்சிதான், ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படையை முறியடித்த தளபதிகளுள் ஒருவரான ரொகொசோவ்ஸ்கி, 1940 வரை அதே ஆட்சியின் சிறையில் கிடந்தவர்.