கும்பகோணம் மொட்டை மாடியில ஆன்லைன் கவுன்சிலிங்

மூணு வாரம் லீவு போட்டு லண்டன்ல இருந்து கும்பகோணம் போயிட்டு வந்தேன். அம்மாவுக்கு மார்புல கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு 21 நாளைக்கு ஒரு கீமோ ஓடிட்டிருக்கு. மருந்து, ஸ்கேன், பில்லு எல்லாம் அண்ணன் பாத்துக்கறான், ஆனா அம்மா ராத்திரி தூங்கறதே இல்ல, யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசறதில்லன்னு அண்ணி சொன்னதுலேர்ந்து எனக்கு இருப்பு கொள்ளல.

லண்டன்ல மேக்மில்லன்னு கேன்சர்காரங்களுக்கு உதவற ஒரு தொண்டு அமைப்பு, 0808 808 00 00க்கு காலைல 8லேர்ந்து ராத்திரி 8க்குள்ள யாரு வேணா ஃப்ரீயா கூப்பிடலாம், நோயாளி வீட்டுக்காரங்களும்தான். நானே ஒருநாள் அழுதுகிட்டே பேசிருக்கேன். ஊர்ல எப்படின்னு பாத்தா அம்மாவுக்கு வைத்தியம் பாக்கற ப்ரைவேட் ஆஸ்பத்திரி ஆப்லயும் சைக்கோ ஆன்காலஜின்னு இருந்துச்சு, அதாங்க கேன்சர்காரங்க மனசைப் பாக்கற பிரிவு. (சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல இதுக்குத் தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு.) சரின்னு புக் பண்ண உக்காந்தா நாக்கு தள்ளிடுச்சு. ஓடிபி அண்ணன் நம்பருக்குப் போகுது, அவன் மீட்டிங்ல இருக்கான், என் லண்டன் கார்டை அது எடுக்கல, ஆப் முழுக்க இங்கிலீஷு. நோவு அம்மாவுக்கு, ஓடிபி அண்ணனுக்கு! ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு அடைக்குதுன்னா அவங்க தனியா இதை வச்சு என்ன பண்ண முடியும்?

அதனால 14416ஐ அம்மா போன்ல போட்டுக் குடுத்தேன். கவர்மெண்டோட டெலி மானஸ், மனசு கஷ்டத்துக்குக் கூப்பிட்டுப் பேசற நம்பர், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, பட்டன் போன் போதும். கேன்சருக்குன்னு தனியா உள்ளது இல்லதான், இருந்தாலும் ராத்திரிக்கு ஒரு குரல்.

ஒருவழியா வியாழக்கிழமை நாலு மணிக்கு ஆப்ல டைம் கெடச்சுது. இப்ப எங்க உக்காந்து பேசறது? ஹால்ல பெரியம்மா, டிவி, "அந்த வியாதி எப்படி இருக்கு"ன்னு கேக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா. இந்த ஆன்லைன்காரங்க யாரும் நம்ம ஊரு வீட்டைப் பாத்ததே இல்ல போல. நாற்காலியைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனோம். தலைமுடி கொட்டிட்டதால அம்மா கேமரா பக்கம் திரும்பவே மாட்டேங்கறாங்க, கவுன்சிலர் பொண்ணு உடனே புரிஞ்சுகிட்டு "வீடியோ வேணாம்மா, குரலே போதும்"னுச்சு. பாதி பாரம் அங்கயே எறங்கிடுச்சு. அப்புறம் இந்த வாரம் மனக்கஷ்டம் 0லேர்ந்து 10க்குள்ள எவ்ளோன்னு கேட்டுச்சு. டிஸ்ட்ரஸ் தெர்மாமீட்டர்னு பேராம், 4 வந்தாலே கவனிக்கணுமாம். அம்மா யோசிச்சு "எட்டு... நீ கேட்டதுக்கப்புறம் ஏழு"ன்னாங்க. நான் கீழ எறங்கிட்டேன்.

நாப்பது நிமிஷம் கழிச்சு வந்தாங்க. என்னம்மா பேசினேன்னேன். "உனக்கெதுக்கு?"

அடுத்த வியாழன் மூணரைக்கே அவங்களே போனைச் சார்ஜ்லேர்ந்து எடுத்துகிட்டு, தலைல துண்டைக் கட்டிகிட்டு, பெரியம்மாகிட்ட "எனக்கு மாடில வேலை இருக்கு, யாரும் வராதீங்க"ன்னு சொல்லிட்டுப் படியேறினாங்க.