யேல் பல்கலையின் இலவச நிதியியல் வகுப்புகள்: ஒரு ட்யூஷன் டீச்சரின் பார்வை

ஈரோட்டில் பி.காம், பி.ஏ. பொருளியல் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பிரசென்ட் வேல்யூ (பின்னால் வரப்போகும் பணத்துக்கு வட்டியைக் கழித்த இன்றைய மதிப்பு) பார்முலாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அந்த வட்டி விகிதம் எங்கிருந்து வந்தது என்றால் முழிப்பார்கள். அவர்களுக்கு நான் காட்டிவிடுவது ‘ஓப்பன் யேல் கோர்ஸஸ்’. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தன் இளநிலை வகுப்புகளை அப்படியே படம்பிடித்துப் போட்டிருக்கிறது. பைசா செலவில்லை.

ராபர்ட் ஷில்லரின் ‘நிதிச் சந்தைகள்’ 2008, 2011 என இரண்டு பதிவாக இருக்கிறது. 2013-இல் நோபல் வாங்கிய அதே ஷில்லர்தான். கணக்கு குறைவு, கதை அதிகம். பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டே கேட்கலாம். பாடத்துக்கு 2011 போதும். ஆனால் எனக்குப் பிடித்தது 2008. அந்த மார்ச்சில்தான் பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி கவிழ்ந்தது. நிதி நெருக்கடியின் பெரிய வெடிப்பு அப்போது இன்னும் வரவில்லை என்ற நினைப்போடு கேட்டால் சுவாரசியமே தனி.

சரக்கு முழுக்க இருப்பது ஜான் ஜெனக்கோப்லஸின் ‘நிதிக் கோட்பாடு’ வகுப்பில். 2009-இல் எடுத்தது. மனுஷர் பேராசிரியர் மட்டுமில்லை, எலிங்டன் என்ற முதலீட்டு நிறுவனத்தில் பங்குதாரரும்கூட. ஒரு வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வரும் கடனை எடுத்துக்கொள்கிறார். மூவாயிரம் டக்கட் (அந்தக் காலத்துத் தங்கக் காசு), மூன்று மாசத் தவணை, வட்டி கிடையாது, ஈடு மட்டும் ஒரு ராத்தல் சதை. கடனில் வட்டியை மட்டும் பார்க்காதே, எவ்வளவு ஈடு கேட்கிறான் என்று பார் என்பதுதான் அவர் கட்சி.

இதைப் பிள்ளைகளுக்கு நகைக்கடனை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் என்றிருந்ததை, 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு மட்டும் 90 ஆக்கி, 2021 மார்ச் வரை விட்டது. லட்ச ரூபாய் நகைக்கு 75,000 கிடைத்த இடத்தில் 90,000. வட்டி அதேதான் என்றாலும் கையில் வரும் பணம் வேறு, தங்கம் விழுந்தால் வங்கிக்கு மிஞ்சும் பாதுகாப்பும் வேறு. இப்படி ஈட்டை மொத்தச் சந்தையும் தளர்த்தும்போது விலை ஏறுவதையும், இறுக்கும்போது சரிவதையும் கடைசி வகுப்புகளில் 2008 நெருக்கடியை வைத்து ஜெனக்கோப்லஸ் விளக்குகிறார்.

குறை இல்லாமல் இல்லை. ஜெனக்கோப்லஸ் பல்லவியை விட்டு எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவார், பொறுமை வேண்டும். வகையீடு (கால்குலஸ்) மறந்தவர்கள் ஆரம்பத்திலேயே திணறுவார்கள். அமெரிக்க வீட்டுக்கடன், சோஷியல் செக்யூரிட்டி என்ற அந்த ஊர் அரசு ஓய்வூதியம் என்று நேரம் போகும், செபி, ஜி.எஸ்.டி. எல்லாம் வராது. அப்புறம், சான்றிதழ் கிடையாது, சந்தேகம் கேட்க ஆளும் கிடையாது. செமஸ்டருக்கு முந்தின வாரம் இதைத் திறந்தால் அரியர்தான் மிஞ்சும். லீவில் ஆரம்பியுங்கள்.

ஆங்கிலம் வேகமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பின் பேச்சும் எழுத்தாகவே கிடைக்கிறது. பயிற்சிக் கணக்கும் விடையும் உண்டு. நான் விடைத்தாளை மட்டும் பிள்ளைகளுக்கு மறுநாள்தான் அனுப்புவேன்.