உடன்குடி கருப்பட்டி: வாங்குமுன் வெயிலைக் கேளுங்கள்

புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டிதான் என்றாலும், எந்த மாதத்துப் பதநீர் என்று கேட்காமல் வாங்காதீர்கள். எங்கள் தேர்வு பங்குனி, சித்திரையில் காய்ச்சியது. உடன்குடியைச் சுற்றியுள்ள செம்மணல் தேரிக்காட்டில் வெயில் ஏற ஏறப் பதநீர் அளவு குறையும், இனிப்போ கூடும். சீக்கிரம் வற்றிப் பதத்துக்கு வரும் பாகு, அச்சாக வைக்கும் சிரட்டையில் இறுகி நிற்கும்.

மழை பெய்தால் கதையே வேறு. பனையில் கட்டிய கலயத்தில் மழைத்தண்ணீர் இறங்கும், புளிக்காமலிருக்க உள்ளே தடவிய சுண்ணாம்பு கரைந்து நீர்த்துப்போகும், பதநீர் புளிக்கும். புளித்ததில் சர்க்கரை உடைந்துவிடுவதால் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு கட்டாது. கட்டினாலும் நாலு நாளில் கசியும். அதைச் சரிக்கட்டச் சுண்ணாம்பைக் கூட்டினால் நிறம் கறுத்து நாக்கில் காரல் தட்டும். சீனி சேர்த்து இறுக்குவதும் உண்டு, அது பெரிய அநியாயம்.

ஒன்றை உடைத்துப் பாருங்கள். நல்லது உட்புறம் மங்கிய பழுப்பாக, பொருபொருவென்று உதிரும், லேசான புகைவாசம் வரும். கண்ணாடிபோல் மின்னினால் சீனிக் கலப்பைச் சந்தேகிக்கலாம். வெந்நீரில் கரைத்தால் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு வண்டல் தங்குவது இயல்பு; வடிகட்டிவிட்டுக் காப்பி போடுங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பே வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, ஓலையில் பொதிந்து மண்பானையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.