மாணவர் மண் பரிசோதனைப் பெட்டி: வேளாண் வகுப்புக்கு வாங்கலாமா?

வேளாண் பாடம் எடுக்கும் மாணவர்களுக்கென்று விற்கப்படும் மண் பரிசோதனைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: பிஎச் (மண்ணின் அமில-காரத் தன்மை), தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) நான்குக்கும் தனித்தனிக் கரைசல் புட்டிகள், மூடி போட்ட சோதனைக்குழாய்கள், ஒரு நிற அட்டை. நாளை மண்ணாய்வுக்கூடத்திலோ, உழவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேளாண் விரிவாக்கப் பணியிலோ சேரப்போகிற பிள்ளைகளுக்குக் கை பழக இது அருமையான கருவி. தாராளமாக வாங்கலாம். ஆனால் இதில் வரும் முடிவை மட்டும் நம்பி ஒரு வயலுக்கு உர அளவு சொல்லிவிடக் கூடாது.

முதல் குறை, மண் எடுக்கும் முறைக்குக் கையேட்டில் பெரும்பாலும் ஓரிரு வரிதான் இருக்கும். தவறு அதிகம் நடப்பதோ அங்கேதான். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. குழாய்க்குள் போவது ஓரிரு கிராம். அந்தச் சிட்டிகை முழு வயலுக்கும் பேச வேண்டுமென்றால், வரப்போரம், எருக்குழி, மர நிழல் தவிர்த்து 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். பழைய உரச்சாக்கில் மண்ணைக் கொண்டுவந்தால் எல்லாம் வீண். இந்தப் பயிற்சிக்கே ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள்.

பிஎச் சோதனைதான் பெட்டியில் உருப்படியானது. 10 கிராம் மண்ணுக்கு 25 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அவ்வப்போது கலக்கி அரை மணி நேரம். களிமண் எளிதில் தெளியாது. கலங்கல் நிறத்தை மறைத்துவிடும். பெட்டியில் பேரியம் சல்பேட் தூள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது களியைக் கீழே இழுத்துவிடும். திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிப் புளித்திருக்கும் என்பதால், முதலில் மண் போடாமல் நீரை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்தில் வெற்றுச் சோதனை ஏன் செய்கிறார்கள் என்று மாணவருக்கு அங்கேயே விளங்கிவிடும்.

மணிச்சத்துக்கு வரும் நீல நிறம் கண்ணுக்கு அழகு, நம்பிக்கைக்குக் குறைவு. அந்த நீலத்தை வரவழைக்கும் ஸ்டானஸ் குளோரைடு காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். நிறமும் சில நிமிடங்களில் மங்கத் தொடங்கும். ஆகவே கடிகாரம் பார்த்து, எல்லாக் குழுவும் ஒரே நிமிடத்தில் நிறம் பார்க்க வேண்டும். பாஸ்பேட் கலந்த சோப்பில் கழுவிய குழாய் மண்ணே இல்லாமல் நீலம் காட்டும். சுண்ணாம்பு மண்ணில் அமிலக் கரைசல் உள்ள பெட்டி சரிப்படாது, அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும். அத்தகைய மண்ணுக்கு பிஎச் 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசல் வேண்டும். பின்னர் அதில் அமிலம் சேர்க்கும்போது நுரைத்துப் பொங்கும். பொங்கல் அடங்குமுன் மூடியை இறுக்கினால் பீறிட்டு வரும்; பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

சாம்பல்சத்துச் சோதனை வெண் கலங்கல் முறை: சத்து கூடக் கூடக் குழாயில் வெண் கலங்கலும் கூடும். குழாய்க்குப் பின்னால் பிடித்த கறுப்புக் கோடு எப்போது மறைகிறது என்பதே அளவு. அம்மோனியமும் இதே கலங்கலைத் தரும்; யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாக மாறும் என்பதால், யூரியா போட்ட சில நாட்களில் எடுத்த மண் சாம்பல்சத்தைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். தழைச்சத்துச் சோதனை அன்றைக்கு நைட்ரேட் வடிவில் இருக்கும் தழைச்சத்தை மட்டுமே காட்டுகிறது. ஈர மண்ணைப் பையில் கட்டி ஒரு நாள் வெயிலில் வைத்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்து அளவே மாறிவிடும்.

நிற அட்டை வெயிலில் வெளுக்கும். அலமாரிக்குள் வையுங்கள், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத மாணவர் இருந்தால் பிஎச் பார்க்கும் வேலை அவருக்கு வேண்டாம்; எடைபோடுவதும் நேரம் பார்ப்பதும் அதே அளவு பொறுப்புள்ள வேலைகள்தான்.

பெட்டியோடு வரும் தாளில் முடிவு எழுத மட்டும் இடம் இருக்கும். அதைப் பயன்படுத்தாதீர்கள். மண் எடுத்த இடம், ஆழம், தேதி, முந்தைய பயிர், சோதித்தவர் பெயர் எல்லாம் பதிய ஒரு குறிப்பேடு போடுங்கள். ஒரே மண்ணை இரண்டு குழுக்களுக்குச் சொல்லாமல் கொடுத்து முடிவுகளை ஒப்பிடுங்கள், மீதி மண்ணில் ஒரு பங்கை ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்புங்கள். இரு குழுக்களும் நிற அட்டையில் ஒரு படிக்கு மேல் வேறுபட்டால் குற்றம் கரைசலிலா, கலக்கியதிலா, கழுவியதிலா என்று அவர்களே தேடட்டும்.

வாங்கும்போது கரைசல்களின் காலாவதி மாதம், புட்டிகள் தனியாகக் கிடைக்குமா, எத்தனை சோதனைக்கு வரும் என்ற மூன்றையும் கேளுங்கள். புட்டிகள் தனியாகக் கிடைக்காத பெட்டி எவ்வளவு மலிவானாலும் அடுத்த வகுப்புக்கு உதவாது.