ஃபயர் சேஃப்டி ஆபீசர் சர்வீஸ் எடுக்கலாமா? எங்கள் அனுபவம்

எங்கள் கட்டடத்துக்கு ஃபயர் சேஃப்டி ஆபீசர் ஒருவரை ஒப்பந்தத்தில் அனுப்பித் தரும் சேவையை எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. கீழே கிடங்கு, மேலே அலுவலகங்கள், நிர்வாகம் என் பொறுப்பு. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக நல்லது கெட்டது இரண்டையும் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் வருகிற ஆளையும், அவருக்கு நீங்கள் கொடுக்கிற அதிகாரத்தையும் பொறுத்துத்தான் இது உருப்படும்.

இதற்கு முன் எங்களிடம் வேறொரு ஏஜென்சியின் பராமரிப்பு ஒப்பந்தம் மட்டும்தான் இருந்தது. ஆள் வருவார், எக்ஸ்டிங்குஷரில், அதாவது தீயணைக்கும் சிலிண்டரில், தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார், சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போவார். புதிய ஆபீசர் வந்ததும் முதலில் கேட்டது ஒரு தராசு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் கிடையாது, எடை போட்டால்தான் உள்ளே வாயு இருக்கிறதா என்று தெரியும், நிரப்பிய அளவில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் திரும்ப நிரப்பியாக வேண்டும். சர்வர் அறை வாசலில் மாட்டியிருந்தது கிட்டத்தட்டக் காலி. அதிலும் கையெழுத்து இருந்தது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பவுடர் சிலிண்டர்களில் முள் பச்சையில்தான் நின்றது, ஆனால் அவர் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காதருகே வைத்துக் கேட்டார், பவுடர் சரிந்து விழும் சத்தமே இல்லை, அடியில் கெட்டித்துப் போயிருந்தது. அழுத்தம் சரியாக இருந்தும் அப்படிப்பட்டதில் பவுடர் ஒழுங்காக வெளியே வராது.

அப்புறம் பம்பு அறை. தீயணைக்கத் தண்ணீர் தரும் ஹைட்ரன்ட் குழாயில் எப்போதும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது ஜாக்கி பம்பு, யாராவது ஹோஸைத் திறந்து அழுத்தம் சட்டென்று விழுந்தால் மெயின் பம்பு தானாக ஓட வேண்டும், மின்சாரம் போய்விட்டால் டீசல் பம்பு ஓட வேண்டும். வரைபடத்தில் எல்லாம் அழகாக இருக்கும். எங்கள் பேனலில் மெயின் பம்பின் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இல்லை, 'மேனுவல்'லில் கிடந்தது. எப்போதோ ரிப்பேருக்கு வந்தவர் மாற்றியது, திருப்பிப் போடவே இல்லை. டீசல் எஞ்சினின் பேட்டரியும் செத்துப்போயிருந்தது. இப்போது வாரா வாரம் அவர் நின்று பம்பை ஓட்டிப் பார்க்கிறார், எந்த அழுத்தத்தில் ஓடத் தொடங்கியது என்று நோட்டில் எழுதுகிறார். இந்த ஒரு வேலைக்காகவே இந்தச் சேவை தகும் என்பேன்.

அலாரம் பேனலிலும் இதே கதை. கிடங்குப் பக்கம் தூசியால் பொய் அலாரம் அடிக்கிறது என்று அந்த ஸோனையே, அதாவது அந்தப் பகுதியின் அலாரத்தையே, முடக்கி வைத்திருந்தார்கள். அவர் டிடெக்டர்களைச் சுத்தம் செய்யவைத்து ஸோனைத் திரும்ப உயிர்ப்பித்தார். கிடங்கில் அட்டைப்பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்குவது வழக்கம். தீயின் சூட்டில் தானாகத் திறந்து மேலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே 18 அங்குலம் காலியாக விட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் குடை போல விரியாது, பெட்டியில் மோதி அங்கேயே ஒழுகிவிடும். அதற்காகச் சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். ஒரு இடத்தில் தீ என்றால் எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒன்றாகத் திறந்து சரக்கை நாசமாக்கிவிடும் என்று கிடங்குக்காரர்களுக்குப் பயம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது, சிவப்பு நிறக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும், சூடு பட்டது மட்டும்தான் திறக்கும் என்று அவர் குமிழையே கையில் கொடுத்து விளக்கிய பிறகுதான் முணுமுணுப்பு நின்றது.

அதிகாரம் என்று சொன்னேனே, அது வெல்டிங் விஷயத்தில் தெரிந்தது. மாடியில் குழாய் வேலைக்கு ஒரு காண்ட்ராக்டர் ஆட்களோடு வந்து நின்றார், அவசரம், அன்றைக்கே முடிக்க வேண்டும். ஆபீசர் ஹாட் வொர்க் பெர்மிட், அதாவது தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டு, இல்லாமல் கட்டரைப் பற்றவைக்கவே விடவில்லை. 35 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, நகர்த்த முடியாததைத் தீ பிடிக்காத போர்வையால் மூட வேண்டும், தரையில் இருக்கும் ஓட்டைகளை அடைக்க வேண்டும், எக்ஸ்டிங்குஷரோடு ஒருவர் வேறு வேலை பார்க்காமல் நிற்க வேண்டும், வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். காண்ட்ராக்டர் நேராக என்னிடம் வந்து, "சார், உங்க ஆளு வேலையே செய்ய விடமாட்டேங்கிறாரு" என்றார். அன்றைக்கு நான் ஆபீசர் பக்கம் நிற்காமல் போயிருந்தால் மறுநாளிலிருந்து அவர் சொல்லுக்கு அந்தக் கட்டடத்தில் மதிப்பே இருந்திருக்காது. தீப்பொறி ஒரு இடுக்கில் விழுந்து மெதுவாகக் கனன்று ஆட்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு எரியத் தொடங்குவதால்தான் அந்தக் காவல் நேரம் என்பதைக் காண்ட்ராக்டரின் ஆட்களுக்கும் உட்காரவைத்துச் சொன்னார்.

கதவு விஷயத்தில் அவரோடு யாரும் பேரம் பேச முடியாது. 1911இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள், அங்கே வெளியேறும் படிக்கட்டின் கதவு ஒன்று பூட்டியிருந்தது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதியில் தீ பிடித்தபோது பெரும்பாலானவர்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடி அங்கேயே நெரிசலில் சிக்கினார்கள், 100 பேர் போய்விட்டார்கள். இரண்டையும் டிரில்லுக்கு, அதாவது வெளியேறும் ஒத்திகைக்கு, முன்னால் சொல்கிறார். அதனால்தான் ஒவ்வொரு டிரில்லிலும் நாம் வழக்கமாகப் போகிற படிக்கட்டை மூடிவிட்டு இன்னொன்றில் இறங்கச் சொல்கிறார். முதல் தடவை பாதிப் பேருக்கு அந்தப் படி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. படிக்கட்டின் ஃபயர் கதவைக் காற்றுக்காகக் கட்டை வைத்துத் திறந்து வைக்கும் பழக்கமும் ஒழிந்தது. அந்தக் கதவு மூடியிருந்தால்தான் புகை படிக்கட்டில் ஏறாது, இறங்குபவர்கள் மூச்சுவிட முடியும். வெளியே அசெம்பிளி பாயின்டில் ஆள் எண்ணும்போது வரவேற்பறை நோட்டைக் கொண்டுவரச் சொல்லி விருந்தினர்களையும் சேர்த்து எண்ணுகிறார். மாடிப்படி இறங்க முடியாத ஒரு சக ஊழியருக்கு இறக்கும் நாற்காலி வாங்கவைத்து, அதைத் தூக்க இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமித்தார். இதை எங்களில் யாரும் அதுவரை யோசித்துக்கூடப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பயிற்சியும் நன்றாக இருந்தது. பின்னை இழு, அடிப்பாகத்தைப் பார்த்து அடி, வீசிக்கொண்டே போ, இது எல்லா வீடியோவிலும் இருக்கிறது. அவர் அதற்கு மேல் சொன்னவைதான் மனதில் நின்றன: கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் கூம்பை வெறும் கையால் பிடித்தால் குளிர் தோலைப் பொசுக்கிவிடும், வாசல் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், சிறிய சிலிண்டர் அரை நிமிடம்கூடத் தாங்காது, அதற்குள் அடங்கவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே ஓடுங்கள்.

சரி, குறைகள். அவர் விடுப்பில் போகும்போது நிறுவனம் அனுப்பும் மாற்று ஆள் படு மோசம். ஒருமுறை வந்தவருக்குப் பேனலில் அலாரத்தைச் சத்தம் மட்டும் நிறுத்துவதற்கும் ரீசெட் செய்வதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுதிப் புகார் கொடுத்த பிறகுதான் தகுதிச் சான்றோடு ஆள் வந்தார். மாத அறிக்கையும் தலையணை கனத்தில் வருகிறது, அதில் எது உடனே செய்ய வேண்டியது எது பிறகு பார்க்கலாம் என்று பிரிப்பதில்லை. நாங்களே கேட்டு முதல் பக்கத்தில் அவசரமானவற்றை மட்டும் எழுதவைத்தோம். பெரிய குறை, ஆபீசர் பகல் ஷிஃப்டில் மட்டும்தான் இருக்கிறார். கிடங்கில் பேட்டரி வண்டிகள் சார்ஜ் ஏறுவதோ இரவில்.

எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையை நிறுத்தும் உரிமை ஆபீசருக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள். அவர் யாரிடம் அறிக்கை கொடுப்பார் என்பதையும் எழுதுங்கள், பராமரிப்புப் பிரிவுக்குக் கீழே போட்டுவிட்டால் அந்தப் பிரிவின் குறைகளே மேலே போகாது. அவரை செக்யூரிட்டி மேற்பார்வைக்கும் பார்க்கிங் பிரச்சினைக்கும் இழுக்காதீர்கள், எங்கள் மேலிடத்திலேயே அந்த யோசனை வந்தது, நான் விடவில்லை.

நாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டோம். இரவு ஷிஃப்டுக்கும் ஒரு ஆள், மாற்று ஆளின் சான்றுகளை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், இந்த இரண்டு நிபந்தனையோடு.