‘வாழ்நாள் உரிமம்’ என்று விற்கப்பட்ட மருந்தக மென்பொருள்: ஏழாவது ஆண்டில் நின்றுபோன ஒன்றின் மதிப்பீடு

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய மருந்தகத்துக்காக 2017 ஆகஸ்டில் ஒரு பற்றுச்சீட்டு மற்றும் இருப்புக் கணக்கு மென்பொருளை வாங்கினோம். அக்கா மருந்தாளர், கணக்கும் கொள்வனவும் என் பொறுப்பு. விலை 85,000 ரூபாய், அதன்மேல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 12,000 ரூபாய். பற்றுச்சீட்டின் கீழே ‘வாழ்நாள் உரிமம்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே நிபந்தனைகளோடு இன்றும் விற்கப்படும் மென்பொருள்கள் பல இருப்பதால், வாங்குபவர் கவனிக்க வேண்டியது பெயரை அல்ல, விற்கும் முறையை என்று கருதுகிறேன்.

மென்பொருளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மருந்துக்கடையின் வேலையை அறிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க வேண்டும். மாத்திரை அட்டையை முழுதாக வாங்குவோர் எங்கள் பக்கத்தில் குறைவு; மூன்று நாளைக்கு ஆறு, ஐந்து நாளைக்குப் பத்து என்றுதான் கேட்பார்கள். காலாவதித் திகதி அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் அச்சாகியிருக்கும் என்பதால், அக்கா எப்போதும் மறுமுனையிலிருந்தே வெட்டிக் கொடுப்பார். ஆனாலும் அவசரத்தில் ஓரம் போய்விட்ட அட்டைகள் இழுப்பறையில் சேரும். அப்போது தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் சொல்லக்கூடியது அந்த மென்பொருள் மட்டுமே. முடியப்போகும் மருந்துகளின் பட்டியலை மூன்று மாதங்களுக்கு முன்பே அது காட்டும். விநியோகத்தரிடம் திருப்பிக் கொடுக்க அவகாசம் கிடைக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களில்கூட, கணினி எத்தனை முறை நின்றாலும் ஒரு கணக்கும் பிழைத்ததில்லை. ஒரே குறை, அது விண்டோஸ் 7இல் மட்டுமே சீராக ஓடியது. அந்த இயங்குதளத்துக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்பு வருகிறது, வருகிறது என்று ஒவ்வொரு ஆண்டும் கட்டணம் வாங்கும்போது சொன்னார்கள். அந்தப் பதிப்பு வரவேயில்லை.

2024 மார்ச்சில் வன்தட்டு பழுதடைந்தது. புதிய வன்தட்டைப் பொருத்தி, நிறுவனம் தந்த இறுவட்டிலிருந்து மென்பொருளை மீண்டும் நிறுவி, உரிம இலக்கத்தைக் கொடுத்தபோது, இலக்கத்தைச் சரிபார்க்கச் சேவையகத்தோடு இணைய முடியவில்லை என்ற செய்தி வந்தது. இணைய இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை. எங்கள் இலக்கம் சரியானதா என்று சொல்ல வேண்டிய நிறுவனத்தின் கணினிதான் அணைந்திருந்தது. கொழும்பு அலுவலகத்தின் தொலைபேசி பாவனையில் இல்லை. மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. அந்த ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணத்தை ஜனவரியில்தான் செலுத்தியிருந்தோம். எங்களுக்கு விற்ற முகவரிடம் போனேன். “தம்பி, நாங்க வித்துக் குடுக்கிற ஆக்கள் மட்டும்தான். கொம்பனி ஃபோன எடுக்காட்டி நாங்க என்ன செய்யிற?” என்றார்.

பிரதி இல்லாமல் நாங்கள் இருக்கவில்லை. ஒவ்வொரு இரவும் கடை பூட்டுமுன் பென் டிரைவில் ஒரு பிரதி எடுப்பது அக்காவின் பழக்கம். அந்தக் கோப்பு பத்திரமாக இருந்தது. நகரத்தில் கணினி திருத்தும் ஓர் இளைஞர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணன், ஃபைல் பழுதில்ல. திறக்கிறத்துக்குத்தான் ஆள் இல்ல” என்றார். நடந்த முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருந்தது. தரவு எங்களுடையது, கோப்பு எங்களுடையது, அது கிடந்த பென் டிரைவ் எங்களுடையது. திறக்கும் அனுமதி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு போன ஒரு நிறுவனத்திடம் இருந்தது. ஒன்பது நாள் முயன்று, மருந்துப் பெயர்களும் விலைகளும் இருந்த அட்டவணையை அவர் வெளியே எடுத்துத் தந்தார். வாடிக்கையாளரின் கடன் கணக்கு மறைகுறியாக்கப்பட்டிருந்ததால் அதை எடுக்க முடியவில்லை. காலாவதித் திகதிகளை அறிய நாங்கள் தட்டுத் தட்டாக, பெட்டி பெட்டியாக மருந்துகளைக் கையிலெடுத்துப் பார்த்தோம். இரண்டு கிழமைக்குப் பற்றுச்சீட்டுகளைக் கையால் எழுதினோம்.

ஒரு நிறுவனம் தன் மென்பொருளை எக்காலத்துக்கும் பராமரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொழில் நட்டப்படலாம், உரிமையாளர் நாட்டைவிட்டுப் போகலாம். 2022க்குப் பின் இந்த நாட்டில் அப்படி மூடப்பட்டவை ஏராளம். ஆனால் ஆதரவை நிறுத்துவதும், விற்ற பொருளை வாங்கியவரின் கையிலேயே செயலிழக்க வைப்பதும் ஒன்றல்ல. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடியும் என்று மைக்ரோசாப்ட் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தது. அந்தத் திகதிக்குப் பிறகும் அது நிறுவப்பட்ட கணினிகள் ஓடத்தான் செய்கின்றன. அடோபி நிறுவனம் தனது ஃபிளாஷ் மென்பொருளை 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு நிறுத்தப்போவதை 2017 ஜூலையிலேயே சொல்லி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் தந்தது. கூகுள், ஸ்டேடியா என்ற விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, தன் கடையில் வாங்கப்பட்ட விளையாட்டுகளுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபுறத்தில், யுபிசாப்ட் 2024 மார்ச் 31ஆம் திகதி ‘த க்ரூ’ என்ற விளையாட்டின் சேவையகங்களை அணைத்தபோது, பணம் கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட அதை விளையாட முடியாமற் போனது. அதிலிருந்து எழுந்த இயக்கம் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான கையொப்பங்களைத் திரட்டியிருக்கிறது. விளையாட்டுக்காக இவ்வளவு போராட்டமா என்று கேட்பவர்கள், அதே பூட்டு ஒரு மருந்துக்கடையின் மேசையிலும் விழும் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து அறிந்துகொள்ளலாம்.

மென்பொருள் போன்ற டிஜிட்டல் பொருள்களை விற்பவர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/770 இலக்கப் பணிப்புரை 2022 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய காலம்வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வழங்க வேண்டும் என்பதோடு, ஒப்பந்தம் முறிக்கப்படும்போது பாவனையாளர் தானே உருவாக்கிய உள்ளடக்கத்தைக் கட்டணமின்றி, பொதுவாகப் பயன்படும் ஒரு வடிவத்தில் திருப்பித் தரவேண்டும் என்றும் அது சொல்கிறது. அது தனிப்பட்ட பாவனையாளருக்கானது, வியாபாரங்களுக்கானதன்று. ஆயினும் நான் கேட்பது இந்த இரண்டாவது பகுதியைத்தான்: எங்கள் கையால் அடித்த எழுத்தும் எண்ணும் எங்களிடமே திரும்ப வேண்டும்.

எங்கள் நாட்டில் துணைக்கு வருவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அது மென்பொருளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதன்று. எனினும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அது தடைசெய்கிறது. சேவையொன்றை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறனோடும் அதை வழங்குவார் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் உண்டு என்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள். 2017இல் கொடுத்த 85,000 ரூபாய்க்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஜனவரியில் கொடுத்த பராமரிப்புக் கட்டணத்துக்கு இன்னும் சில நாட்கள் மீதமிருந்தன. ஆகவே முறைப்பாட்டை அந்தக் கட்டணத்தைப் பற்றியே எழுதினேன். பற்றுச்சீட்டையும், திரும்பி வந்த மின்னஞ்சல்களையும், திரையில் தோன்றிய செய்தியின் படத்தையும் இணைத்தேன். அனுப்புமுன் ஒரு பிரதியை முகவரின் கையில் கொடுத்தேன். இரண்டாம் நாள் அவர் அந்த ஆண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார். அவர் பற்றுச்சீட்டில் தன் கடையின் முத்திரையை இட்டிருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். முகவரின் முத்திரையும் கையொப்பமும் இல்லாத பற்றுச்சீட்டை யாரும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பூட்டை உடைத்துத் தரும் கள்ள மென்பொருள் இருக்கிறது, சில நிமிட வேலை என்று இருவர் முன்வந்தார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். நிறுவனம் கைவிட்டதால் பதிப்புரிமை இல்லாமற் போவதில்லை; 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது எழுதியவரின் வாழ்நாளுக்கும், அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். அதே சட்டம், முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பதையும் அனுமதிக்கிறது. ஆனால் சேவையகம் பதில் சொன்னால்தான் ஓடும் மென்பொருளுக்குப் பிரதி இருந்து என்ன பயன்? சட்டம் கொடுத்த உரிமையைப் பூட்டு பறித்துக்கொண்டது. இதற்கிடையில், வரிக்கான பதிவேடுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கும்படி 2017ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டம் எங்களிடம் கேட்கிறது. அந்தக் கடமைக்கு நிறுவனம் பொறுப்பல்ல, நாங்கள்தான் பொறுப்பு.

இப்போது பயன்படுத்தும் மென்பொருளை வாங்கும் முன் மூன்று விற்பனையாளரோடு பேசினேன். எல்லாத் தரவையும் எக்செல் கோப்பாக நானே வெளியே எடுக்கலாமா என்று கேட்டபோது, “தேவையெண்டா நாங்க எடுத்துத் தருவம்” என்று சொன்னவரை அப்போதே விலக்கினேன். ஏனெனில் தேவை வரும் நாளில் அவர் இருக்கமாட்டார் என்பதுதானே பிரச்சினை. மற்றொருவர், நிறுவனம் மூடப்பட்டால் எங்களுக்குக் கிடைக்கும்படி மூலநிரலை (மென்பொருளை எழுதிய நிரலை) ஒரு சட்டத்தரணியிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கு இணங்கினார், ஆனால் அதன் செலவு எங்கள் அளவுக்கு மிஞ்சியது. பெரிய கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அதை அவசியம் கேட்க வேண்டும். கடைசியில் திறந்த மூல உரிமம் கொண்ட, அதாவது நிரலை யாரும் பார்த்து, மாற்றி, தொடர்ந்து நடத்த அனுமதிக்கும் ஒன்றைத் தெரிவுசெய்தோம். அப்படிப்பட்ட உரிமம் கொண்ட ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை 2010இல் ஒராக்கிள் நிறுவனம் கையேற்றபோது அதன் எதிர்காலத்தை நம்பாத தன்னார்வலர்கள், அதே ஆண்டில் அதே நிரலிலிருந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கி இன்றுவரை நடத்தி வருகிறார்கள். உரிமம் அனுமதித்ததால்தான் அது முடிந்தது. புதியது அழகில் பழையதற்கு ஈடில்லை, காலாவதிப் பட்டியலை எடுக்க மூன்று படிகள் கூடுதல். அக்கா இன்னும் அதைப் பற்றி முறையிடுகிறார். முறையிடுவதில் நியாயம் இருக்கிறது.

பழைய மென்பொருளுக்கு, அது ஓடிய காலத்துக்காக ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அதை விற்ற முறைக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒரு மின்னஞ்சல், ஆறு மாத அவகாசம், சேவையகம் இல்லாமலே திறக்கும் ஒரு சாவி இலக்கம். மூடும் நிறுவனத்துக்கு இவற்றால் பெரிய செலவு எதுவும் வந்திருக்காது.

கடன் கணக்கில் 41 பேர் இருந்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது; அதை மறைக்காமல் கடை முன்னால் எழுதி ஒட்டினோம். நாவலடியிலிருந்து ஒரு அம்மா, இரண்டு ஆண்டுகளாகத் தான் வாங்கிய ஒவ்வொரு மருந்தின் சீட்டையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மை மங்கிய சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்து அக்கா கூட்டினார். வந்த தொகை 3,460 ரூபாய். அந்த அம்மா அதை ஏற்கெனவே எண்ணி, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார்.