பேத்தைத் தொட்டிக்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கலாமா?

பச்சைப் புள்ளிப் பேத்தை மீன் (பஃபர்) வளர்க்கிறவர்கள் ஃபில்டருக்கு அடுத்ததாக எதை வாங்க வேண்டும் என்று கேட்டால், தண்ணீரில் உப்புப் பார்க்கிற இந்தக் குழாயை, ரிஃப்ராக்டோமீட்டரைத்தான் சொல்வேன். ஒன்லைனில் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பார்சல் காசோடு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கம்பனிப் பெயர் எதுவும் அதில் இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருக்கிற தொட்டிக்கு ஒரு வருடத்துக்கு மேலாக இதைத்தான் பாவிக்கிறேன்.

கடைகளில் இந்த மீனின் குஞ்சுகளை நன்னீரில் விட்டுத்தான் விற்கிறார்கள். குஞ்சாக இருக்கும்வரை தாங்கும். ஆனால் இது களப்பு, கழிமுகம், கண்டல் காட்டு மீன். வளர வளர உப்பு கேட்கும். ஒரு சாண் அளவுக்கு வளரக்கூடிய இந்த மீனுக்கு, பெரிதான பிறகு 1.010 முதல் 1.020 வரையான ஒப்படர்த்தி (நன்னீரை 1 என்று வைத்து, உப்புத் தண்ணீர் எவ்வளவு கனம் என்று சொல்கிற அளவு) நல்லது. நன்னீரிலேயே வைத்திருந்தால் வெள்ளை வயிறு சாம்பலாகி, வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் கிடக்கும். காத்தான்குடியில் ஒரு கடைக்காரக் காக்கா, "ஒரு பிடி கல்லுப்புப் போடுங்க தங்கச்சி, காணும்" என்றார். காணாது. சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டும்தான். பிஎச் 8 அளவில் நிற்க, கடல் தண்ணீரில் இருக்கிற மற்ற உப்புகளும் வேண்டும்.

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடல் உப்புப் பக்கற்றுக்குக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை. கடல் தண்ணீர் பாதி, கிணற்றுத் தண்ணீர் பாதி. கேட்க லேசாக இருக்கிறது, அந்தப் பாதிக்குள்தான் சிக்கல். கோடையில் கல்லடிக் கடலில் எடுத்த தண்ணீர் ஆயிரம் பங்குக்கு 34 பங்கு உப்புக் காட்டும். மாரியில் முகத்துவாரம் திறந்து களப்பு வெள்ளம் கடலில் இறங்குகிற நாட்களில், அதே இடத்துத் தண்ணீர் 30க்கும் கீழே போகும். கிணறும் சும்மா இருப்பதில்லை, எங்கள் பக்கத்தில் கோடை முற்றினால் கரிக்கத் தொடங்கும். வாளிக் கணக்கை நம்பினால் மாதத்துக்கு ஒரு விதமான தண்ணீர்தான் மீனுக்குக் கிடைக்கும். களப்புத் தண்ணீரையே அள்ளி ஊற்றலாமே என்பவர்களுக்கு: ஊர்க் கழிவுக் கானெல்லாம் எங்கே போய் விழுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

பாவிப்பது சுகம். மூடியைத் தூக்கி, நீலக் கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி வராமல் மூட வேண்டும். அரை நிமிடம் விட்டு வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் முட்டுகிற கோட்டில் அளவை வாசிக்கலாம். முன்பு உப்புப் பார்க்க வைத்திருந்த பிளாஸ்ரிக் பெட்டியில் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும், அந்தத் தொல்லை இதில் இல்லை. எழுத்து மட்டும் பொடி. நாள் முழுக்க ஊசியில் நூல் கோர்க்கிற எனக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. வெப்பத்துக்குத் தானாகவே சரிசெய்யும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள், ஆனால் அது 10 முதல் 30 பாகை வரைக்கும்தான். சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 30க்குள்ளா இருக்கும்? காலையில் பார்ப்பதுதான் சரி. பூச்சியமும் மெல்ல நகரும்; பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டுத் திருகியைத் திருப்பிச் சரிசெய்யலாம். கூடவே வருகிற ஸ்க்ரூட்ரைவர் குப்பைக்குத்தான். பார்த்து முடிந்ததும் ஈரத் துணியால் துடைக்காவிட்டால் மூடியின் பிணைச்சலில் உப்புப் பூக்கும். ஆனால் குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கழுவ வேண்டாம், உள்ளே ஈரம் போனால் கோடு மங்கிவிடும்.

கச்சான் காலத்தில்தான் இது கொடுத்த காசுக்கு உழைக்கிறது. தொட்டித் தண்ணீர் விரல் விரலாக இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். 1.012 இருந்தது 1.014க்கு ஏறியிருந்தால் வெறும் கிணற்றுத் தண்ணீர் விட்டு இறக்குவேன். நானாக உப்பைக் கூட்டுவதென்றால் வாரத்துக்கு 0.002க்கு மேல் போக மாட்டேன். ஃபில்டரில் இருந்து மீன் கழிவைச் சிதைக்கிற நல்ல பக்டீரியா பழக வேண்டாமா?

மீன் கழிவிலும் அழுகின தீனியிலும் இருந்து வருகிற நஞ்சான அமோனியாவை இந்தக் குழாய் காட்டாது. பேத்தைக்கு மற்ற மீன்களைப் போலச் செதில் இல்லை, தண்ணீர் கெட்டால் சீக்கிரம் பாதிக்கும். அமோனியாவும், அதிலிருந்து உண்டாகிற நைத்திரைற்றும் பூச்சியத்தில் இருக்க வேண்டும். அது சாப்பிடுகிற விதமும் அப்படி. பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் தேய்வதற்கு ஊரி, மட்டி, ஓட்டோடு இறால் கொடுக்க வேண்டும். பாதியைக் கடித்து மீதியை மணலில் துப்பிவிடும். துப்பியதை அன்றைக்கே எடுக்காவிட்டால் உப்பு எவ்வளவு சரியாக இருந்தும் மீன் தப்பாது.

கேரளத்துக் குட்டிப் பேத்தை, ஓர் அங்குலம் அளவில் வருமே, அது வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அது முழு நன்னீர் மீன். அந்தக் காசுக்கு அமோனியா பார்க்கிற மருந்துப் போத்தல்களை எடுங்கள்.